மியூரியல் ரோஜா

ஒரே ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால் காசுகளைப் பட்டியல் போடும் புத்தகத்தில் அதற்கு எண் கிடையாது. சுத்தியல் அடிக் காசு சேர்ப்பவர்களின் சட்டம் இது. யாரும் எழுதிவைத்த சட்டமல்ல. ஆனால் மீறியவனை ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய ராஜாக்கள் காலத்தில் தங்கத் தகட்டைப் படம் செதுக்கிய இரும்பு அச்சின் மேல் வைத்து, அதன் மேல் இன்னோர் அச்சை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடித்துக் காசு செய்தார்கள். இதுவரை யாருக்கும் தெரியாத அச்சு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதே அச்சில் அடித்த இரண்டாவது காசு எங்கிருந்தாவது வந்து சாட்சி சொல்ல வேண்டும். வரும்வரை அந்தக் கண்டுபிடிப்பு பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில் கிடக்கும்.

மியூரியல் லார்ட்டரின் பெயர் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது.

'மியூரியல் ரோஜா' என்பது அந்தக் காசின் பெயர். ஏழாம் ஹென்றி ராஜா காலத்து 'ஏஞ்சல்' என்கிற தங்கக் காசு. ஒரு பக்கம் சிறகு விரித்த மிக்கேல் தூதன் டிராகனை மிதித்துக்கொண்டு ஈட்டியால் குத்துவான். மறுபக்கம் ஒரு கப்பல். பாய்மரத்தின் அருகில் மிளகளவு ரோஜா ஒன்று இருக்கும். அதற்கு எப்போதும் ஐந்து இதழ். இந்த ஒரு காசில் மட்டும் ஆறு. அவள் கணவன் டெஸ்மண்ட், இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் வக்கீல் தொழில் பார்த்தவன், அதைக் கண்டுபிடித்து அவள் பெயரை வைத்தான். அவன் போய்ச் சேர்ந்து சில வருஷமாயிற்று. காசு மட்டும் சின்னக் காகித உறைக்குள் அவளிடம் இருந்தது.

அக்டோபரில் ஒரு காலை ஜைல்ஸ் பெர்னி தொலைபேசியில் கூப்பிட்டார். காசுப் புத்தகத்தின் புதிய பதிப்பைத் தயாரிப்பவர் அவர். பல்கலைக்கழகத்து ஆள்.

"மிஸஸ் லார்ட்டர், உட்கார்ந்திருக்கீங்களா? இல்லேன்னா உட்காருங்க."

"கெட்ட சேதியெல்லாம் நின்னுக்கிட்டே கேட்டுப் பழகினவ நான். சொல்லுங்க."

"நல்ல சேதிங்க. உங்க ரோஜாவுக்கு ஒரு தங்கச்சி கெடைச்சிருக்கா. ஹாலந்துல யாரோ ஒருத்தர் சேர்த்து வெச்சிருந்ததுல இருந்து வந்தது. ஆறு இதழ். நானே வாங்கிட்டேன். சனிக்கிழமை நம்ம காசுச் சங்கத்துக்குக் கொண்டு வர்றேன், நீங்க உங்களதைக் கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு நீங்க ஒரு வார்த்தை 'ஆமா'ன்னு சொல்லிட்டா, கோட்டுக்கு மேல ஏத்தி எண் போட்டுடுவேன். உங்க கண்ணு சொன்னாப் போதும்."

ரிசீவரை வைத்துவிட்டு மியூரியல் சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுபத்தெட்டு வயதுக்காரி ஒரு எண்ணுக்காக அழுவாளா என்று கேட்பவர்களுக்கு அவள் கதை தெரியாது.

பாடுபட்டவள் ஒருத்தி, பேர் வாங்கியவன் ஒருத்தன், கதை அவ்வளவுதான். டெஸ்மண்டுக்குக் காசு பிடிக்கும், காசைப் பற்றிப் பேசப் பிடிக்கும், பேசி முடித்ததும் கைதட்டல் பிடிக்கும். பார்க்கத்தான் தெரியாது. மியூரியல் மாவட்ட ஆபீஸில் நிலவரைபடம் வரைந்தவள். வயல் வரப்பு ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண். அச்சு செய்த அந்தக் காலத்து ஆட்கள் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இரும்பில் அடித்து இறக்கினார்கள். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் E சாயும், இன்னொன்றில் R எகிறி நிற்கும். அருங்காட்சியகங்களிலிருந்து வரவழைத்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மேலே மெழுகுத்தாளை வைத்து வரைந்து, இது அதே அச்சு, இது வேறு என்று பிரித்தவள் அவள்தான். வருஷக்கணக்கில் அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் பிரித்ததை அவன் சங்கத்தில் போய்ப் படித்தான். 'லார்ட்டர் அச்சுகள்' என்று பெயர் நிலைத்தது. லார்ட்டர் என்றால் டெஸ்மண்ட் லார்ட்டர்.

ஒருநாள் காலை, முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவனிடம் அவள் கேட்டேவிட்டாள்.

"ஒண்ணுக்காவது என் பேரை வையேன்."

"பொண்டாட்டி பேரை வெச்சா சங்கத்துல சிரிப்பாங்க, மியூரியல்."

"பொண்டாட்டி கண்ணை வெச்சுக் கண்டுபிடிச்சப்போ யாரும் சிரிக்கலையே?"

அவன் முட்டைக்கு உப்புப் போட்டான். அவள் மெழுகுத்தாளையெல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொடவில்லை. சங்கத்தில் படிக்க டெஸ்மண்டிடம் சரக்கு இல்லாமல் போயிற்று. தொண்டைக் கட்டு என்று சொல்லிச் சமாளித்தான். அதன்பிறகு வந்தது அவர்களுடைய வெள்ளிவிழாத் திருமண நாள். சங்கத்து ஆட்கள் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, எழுந்து நின்று, உறையைப் பிரித்து, ஆறு இதழ் ரோஜாவைக் காட்டினான். "இதுக்கு என் மனைவி பேர்" என்றான். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். இப்படி ஒரு புருஷனா என்றார்கள். மியூரியலும் நம்பினாள். மறுவாரமே பரண்மேல் இருந்த தாள்களைத் தூசி தட்டி இறக்கினாள். அந்த வேலைதான் பின்னால் டெஸ்மண்டின் புத்தகமாக வந்தது.

சனிக்கிழமை சாரல் அடித்தது. குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரின் தொழுகைக்கூடத்துப் பின்னறையில்தான் சங்கம் கூடும். மேசைமேல் டீப் பாத்திரம், சாஸேஜ் ரோல், யாரோ வீட்டில் செய்து அடிப்பக்கம் கருகிய கேக். ஜன்னலோரம் வெளிச்சமான இடத்தைப் பிடித்து ஜைல்ஸ் உட்கார்ந்திருந்தார். மியூரியல் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். தேவாலயத்துக்குக்கூட அவள் அதைப் போடுவதில்லை.

"கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வராம இருப்பேனா? இத்தனை வருஷம் வரன் பார்த்துட்டு, நிச்சயத்தன்னிக்குப் பொண்ணை வீட்டுலயா விட்டுட்டு வருவேன்?"

கறுப்புத் துணிமேல் இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவள் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு குனிந்தாள். முதலில் ரோஜா. ஆறு இதழ், அந்த ஆறாவது கொஞ்சம் குட்டையாக, இரண்டிலும். அப்புறம் எழுத்துகள். சாய்ந்த E இரண்டிலும். கப்பல் கயிற்றில் முடிச்சு விட்டுப்போன இடம் இரண்டிலும். ஒரே அச்சு, சந்தேகமே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படித்த பெரிய மனிதர்கள் எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள். ஒரே அச்சு என்று தெரிந்த உடனே லென்ஸைக் கீழே வைத்துக் கைகுலுக்கிக்கொள்வது இந்தக் கூட்டத்தின் வியாதி. ஜைல்ஸ் அப்படித்தான் வைத்திருந்தார். மியூரியலின் கண் பாழாய்ப்போன கண். மறுபக்கம் திருப்பிப் பார்த்தது.

அவளுடைய காசில் தூதனின் இடது சிறகு நுனி இரட்டையாக விழுந்திருக்கும். சுத்தியல் ஒரு தரம் துள்ளினால் அப்படி விழும். கையால் அடித்த காசில் அது சகஜம். அதை அவள் படம் வரைந்தபோதே கவனித்து, ரசித்துக்கூட வரைந்திருந்தாள். ஜைல்ஸின் காசிலும் இடது சிறகு நுனி இரட்டையாக விழுந்திருந்தது. அதே அளவு, அதே பக்கம். அவளுடைய காசில் டிராகனின் தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. எவன் பையிலோ எதனுடனோ உரசி விழுந்த காயம். ஜைல்ஸின் காசிலும் தாடைக்குக் கீழே அதே வெட்டு.

ஒரே ரப்பர் முத்திரையை இரண்டு தாளில் குத்தினால் எழுத்து ஒன்றாக இருக்கும். மை தீற்றின இடமும் தாள் கிழிந்த இடமும் ஒன்றாக இருக்குமா? அச்சின் குறை எல்லாக் காசிலும் வரும். அடியின் குறையும் பட்ட காயமும் ஒரு காசோடு போய்விடும். இரண்டு காசில் ஒரே காயம் என்றால், யாரோ ஒரு நல்ல காசை வைத்துப் புது அச்சு எடுத்து, போலியாக அடித்துத் தள்ளியிருக்கிறான். அந்தக் குட்டை ஆறாவது இதழும் ராஜாவின் ஆள் வைத்ததல்ல. அச்சு எடுத்தவன் சுரண்டிச் சரிசெய்யப் போய் ஊசி வழுக்கின இடம். ஒரு காசை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. இரண்டாவது வந்தால்தான் தெரியும். எந்த இரண்டாவதுக்காக அவள் அத்தனை வருஷம் காத்திருந்தாளோ, அதுவே வந்து கழுத்தை அறுத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.

"என்ன சொல்றீங்க?" என்றார் ஜைல்ஸ்.

"கொஞ்சம் இருங்க. கண்ணுல தண்ணி கட்டுது."

அவள் எழுந்து ஸ்டான் டாக்கிடம் போனாள். ஸ்டான் கிழட்டுக் காசு வியாபாரி. அறைக்கு வெப்பம் தரும் சூட்டுக்குழாய்க்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, வாய் நிறைய சாஸேஜ் ரோலை அடைத்துக்கொண்டிருந்தான். டெஸ்மண்ட் காசு வாங்கியதெல்லாம் இவனிடம்தான்.

"ஸ்டான், அந்த ரோஜாக் காசை டெஸ்மண்டுக்கு எப்படி வித்தே?"

"எப்படின்னா? தராசுத் தட்டுல வெச்சுத்தான்."

"வெளையாடாதே. நல்ல காசுன்னு சொல்லியா வித்தே?"

ஸ்டான் மெல்லுவதை நிறுத்தினான். "இதோ பாரு கண்ணு, என் வாயில பல்லுதான் பொய். போலியை நல்லதுன்னு சொல்லி ஒருத்தன் தலையிலயும் நான் கட்டினதில்ல."

"அப்போ போலின்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு வித்தவன்கிட்ட அச்சு அசலா அதே மாதிரி இன்னும் ரெண்டு இருந்துச்சு. தெரியாமப் போகுமா? 'டெஸ், இது ஆகாத சரக்கு, உருக்கத்தான் வெச்சிருக்கேன்'னு வாயைத் தொறந்து சொன்னேன். அவன்தான் குடு குடுன்னான். தங்கத்து எடைக்குக் கொடுத்துட்டேன்."

அவள் சூட்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டாள். அது கொதித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"இத்தனை வருஷம் ஏன் வாயைத் தொறக்கல?"

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து சங்கத்துக்காரங்க காதுல பூ சுத்தறீங்க, எதோ உங்களுக்குள்ள ஒரு தமாஷுன்னு. என்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல. கேக்காத கேள்விக்குப் பதில் சொன்னா கடை நடத்த முடியுமா?"

"தமாஷா? நான் ஒரு நாளாவது சிரிச்சேனா?"

"நீ எதுக்குத்தான் சிரிச்சே, மியூரியல்?"

அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அவர் என்ன சொல்லி வாங்கினார்?" என்றாள்.

"விடேன். செத்துப்போனவனைப் பத்தி எதுக்கு."

"செத்தவர் சொல்ல மாட்டார். நீ சொல்லு."

ஸ்டான் கையிலிருந்த மிச்ச ரோலைத் தட்டில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "'அவளுக்கு ஒண்ணு குடுத்தாகணும் ஸ்டான், இல்லேன்னா வேலைக்கு உக்கார மாட்டேங்கறா. நல்லதுல ஒண்ணைக் குடுத்தா மத்ததையும் கேப்பா'ன்னான்."

செத்தும் கெடுத்தான் என்று ஊரில் சும்மா ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அவளுக்கு வந்தது துக்கமல்ல, ஆத்திரம். பற்றிக்கொண்டு எரிகிற ஆத்திரம். அவனைத் தோண்டி எடுத்துச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவனுக்காகப் பரணிலிருந்து தாளை இறக்கிய தன் கையையும் வெட்டிப் போடத் தோன்றியது. ஊரில் எத்தனை கள்ளக் காசைக் கண்டுபிடித்த கண், தன் பெயர் போட்ட கள்ளக் காசின் முன்னால் மட்டும் ஏன் மூடிக்கொண்டது? ஆசை வெட்கம் அறியாது. கண்ணும் அறியாது போலிருக்கிறது.

அவள் திரும்பி வந்தபோது ஜைல்ஸ் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"எண்கூட யோசிச்சுட்டேன். லார்ட்டர் அச்சுகள் முடியற எடத்துல, தனியா, உங்க பேர்ல. நல்லாருக்கும் இல்லையா?"

நல்லாத்தான் இருக்கும். யாரும் இனிமேல் லென்ஸ் வைத்துச் சிறகு நுனியைப் பார்க்கப் போவதில்லை. ஸ்டான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதவன். அவளும் இன்னும் எத்தனை நாள்? கோட்டுக்கு மேலே, பெரிய எழுத்தில், அவள் பெயர். ஒரு வார்த்தை போதும். மியூரியல் 'ஆமா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவள் ஒன்றும் உத்தமி இல்லை.

ஆனால் காசு இரண்டும் அங்கேயே துணிமேல் கிடந்தன, இரட்டைச் சிறகோடு. அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்தக் கண் ஒன்றுதான். அதையும் அவனுக்குத் தாரை வார்க்க மனம் வரவில்லை.

"ரெண்டும் போலி" என்றாள். "சிறகைப் பாருங்க. தாடைக்குக் கீழ பாருங்க."

ஜைல்ஸ் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. அப்புறம் மெல்ல மெல்லச் சிவந்தது. வருத்தத்தில் அல்ல, பரவசத்தில் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"அடேயப்பா. இது பெரிய விஷயம், மிஸஸ் லார்ட்டர். இதை வெச்சு ஒரு கட்டுரையே எழுதலாம்."

"இன்னொண்ணும் எழுதுங்க. லார்ட்டர் அச்சு எல்லாமே நான் பிரிச்சது. ஒண்ணுகூட அவர் பார்த்ததில்ல."

ஜைல்ஸ் பேனாவை மூடினார். கலியாண வீட்டில் ஒப்பாரி வைத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க ரொம்ப ஒத்தாசையா இருந்தீங்கன்னு எல்லாருக்கும் தெரியுங்க. அவர் புத்தகத்து முன்னுரையிலயே நன்றி சொல்லியிருக்காரே. 'பொறுமையோடு தட்டச்சு செய்த என் மனைவிக்கு'ன்னு."

"எனக்கு டைப் அடிக்கவே தெரியாது."

"வந்துங்க... பேர் ஒருதரம் நிலைச்சிட்டா மாத்தறது வழக்கமில்ல. சேகரிக்கறவங்க குழம்பிப் போயிடுவாங்க. அதோட ஆதாரமும் வேணும் பாருங்க."

ஆதாரம். அந்த மெழுகுத்தாள்களை, அவன் புத்தகம் அச்சேறியதும், இடத்தை அடைக்கிறது என்று தோட்டத்தில் போட்டுக் கொளுத்தியவன் டெஸ்மண்ட். அன்றைக்கு அவள்தான் பக்கத்தில் நின்று தீ பரவாமல் கிளறிவிட்டாள். அதை ஜைல்ஸிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜைல்ஸ் இரண்டு காசையும் படம் எடுத்துக்கொண்டதும், தன் காசை உறையில் போட்டுக்கொண்டு, கருகின கேக்கில் ஒரு துண்டுகூடத் தொடாமல் பஸ் ஏறினாள்.

அடுத்த வருஷம் ஜைல்ஸின் புதிய பதிப்பு வந்தது. கனமான புத்தகம், வழவழப்பான தாள். லார்ட்டர் அச்சுகள் பக்கம் பக்கமாக எண் போட்டு நின்றன. தேடினாள். கோட்டுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைத் துடைத்து எடுத்திருந்தார்கள். கடைசியில், போலிகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில், ஒரு முழுப் பக்கப் படம். அவள் காசு, ஜைல்ஸ் காசு, சிறகு நுனியைப் பெரிதாக்கி அம்புக்குறி. கீழே பெரிய எழுத்தில்: 'மியூரியல் ரோஜா. போலி. தோலுரித்தவர் ஜைல்ஸ் பெர்னி.' பெயர் நிலைத்துவிட்டதே, மாற்றுவது வழக்கமில்லையே.

ரோஜாவுக்கு வைத்த பெயராக இருந்ததைவிட, போலிக்கு வைத்த பெயராக அது வேகமாகப் பரவியது. நல்லதை நினைவில் வைத்துக்கொள்ள இந்தக் கூட்டத்துக்குப் படிப்பு வேண்டும், கெட்டதுக்கு வேண்டாம். நாரிச் காசுச் சந்தைக்கு அந்த வசந்தத்தில் மியூரியல் போனாள். வாங்க ஒன்றுமில்லை, பழக்க தோஷம். ஒரு மேசையில் குழாய் ரிப்பேர்க் கம்பெனிச் சட்டை போட்ட நடுவயதுக்காரன் ஒருவன் ஓர் ஏஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இது மியூரியல் இல்லையே?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க?" வியாபாரி நெஞ்சில் கைவைத்தான். "என் மேசையில எதுக்கு மியூரியல் வருது? மியூரியல் வேணும்னா அந்தக் கோடிக்குப் போங்க."

அவள் கையை நீட்டினாள். அந்த மனிதன் என்ன நினைத்தானோ, காசைக் கொடுத்துவிட்டான். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ மாலை அவளோடு உட்கார்ந்திருந்த முகம் அது. எகிறி நிற்கிற R, மூக்கு உடைந்த டிராகன்.

"நல்ல காசு. வாங்கிக்கோங்க. லார்ட்டர் அச்சு."

"லார்ட்டரா!" அவன் முகம் மலர்ந்தது. "என்னா கண்ணுங்க அந்த மனுஷனுக்கு! நீங்களும் பார்த்த உடனே சொல்றீங்களே. தப்பா நெனைக்காதீங்க, உங்க பேரு?"

"மியூரியல்."

ஒரு கணம் இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் வெடித்துச் சிரித்தார்கள். வியாபாரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். குழாய்க்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லா அடிச்சீங்க ஜோக்கு" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் காசை அவன் உள்ளங்கையில் வைத்தாள். லென்ஸை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.